வீட்டில் ஸ்மார்ட் மீட்டர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய மீட்டரைக் கழற்றி ஸ்மார்ட் மீட்டரை மாட்டியதும் வீட்டில் எழும் கேள்விகள் பெரும்பாலும் நான்குதான். பில் ஏறுமா? உடம்புக்குக் கெடுதலா? நம்மை வேவு பார்க்குமா? தீப்பிடிக்குமா? இவற்றில் அதிகம் பேசப்படுவது கதிர்வீச்சு. ஆனால் அதிகம் கவனிக்க வேண்டியவை வயர் இணைப்பு, நியூட்ரல் (மின்னோட்டம் திரும்பிப் போகும் வயர்), மீட்டர் சேகரிக்கும் தரவு ஆகிய மூன்றும். அதனால் இந்தப் பக்கத்திலும் அவற்றுக்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறோம்.

சாதாரண டிஜிட்டல் மீட்டருக்கும் ஸ்மார்ட் மீட்டருக்கும் என்ன வேறுபாடு?

மின்சாரத்தை அளக்கும் விதம் இரண்டிலும் ஒன்றுதான். மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் நொடிக்குப் பல ஆயிரம் முறை அளந்து, பெருக்கி, கூட்டிக்கொண்டே போகும். ஸ்மார்ட் மீட்டரில் கூடுதலாக மூன்று பாகங்கள் உண்டு. 15 அல்லது 30 நிமிடத்துக்கு ஒருமுறை பயன்பாட்டைப் பதிவு செய்யும் நினைவகம் ஒன்று. அந்தப் பதிவை மின் நிறுவனத்துக்கு அனுப்பும் தகவல் தொடர்பு மாட்யூல் இரண்டாவது. அங்கிருந்தே உங்கள் இணைப்பைத் துண்டிக்கவும் மீண்டும் கொடுக்கவும் உதவும் ரிலே மூன்றாவது. தரவு பற்றிய கவலை முதல் இரண்டிலிருந்து வருகிறது. திடீரெனக் கரன்ட் போய்விடுமோ என்ற கவலை மூன்றாவதிலிருந்து.

மீட்டர் மாற்ற வரும் நாளில் நான் என்ன செய்ய வேண்டும்?

பின்னால் வரும் தகராறுகளில் பாதி இந்த ஒரு நாளில் எடுக்காமல் விட்ட போட்டோவால் வருபவை. பழைய மீட்டரைக் கழற்றுமுன் அதன் வரிசை எண்ணும் கடைசி ரீடிங்கும் ஒரே படத்தில் தெரியும்படி எடுத்து வையுங்கள். புதிய மீட்டரில் வரிசை எண், தொடக்க ரீடிங், முகப்பில் அச்சிட்டிருக்கும் துடிப்பு எண் (விளக்கு எத்தனை முறை சிமிட்டினால் ஒரு யூனிட் என்பது), சீல் ஆகியவற்றை எடுங்கள். தொடக்க ரீடிங் பூஜ்யமாக இல்லாமல் ஒரு யூனிட்டுக்குள் ஏதோ ஒரு எண் இருந்தால் பயப்பட வேண்டாம். தொழிற்சாலையில் சோதித்தபோது ஓடியது அது. பத்து, இருபது யூனிட் என்று இருந்தால் மட்டும் ஏன் என்று கேளுங்கள். மாற்றியதற்கான தாளில் இரண்டு ரீடிங்கும் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

வேலை தொடங்குமுன் மெயின் சுவிட்சை அணைத்து, கம்ப்யூட்டர், ஏசி, ஃபிரிட்ஜ் ஆகியவற்றின் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். மீட்டரில் வயர்களைத் திருகி மாட்டும் இடம்தான் டெர்மினல். அதன் மூடியைப் போட்டு சீல் வைக்கும் முன் ஒருமுறை பார்க்க அனுமதி கேளுங்கள். கை வைக்க வேண்டாம், பார்த்தால் போதும். வயரின் எல்லா இழைகளும் திருகுக்குள் போயிருக்க வேண்டும். வெளியே பிசிறு நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. வயரின் மேலுறை திருகுக்கு அடியில் மாட்டியிருக்கக் கூடாது. ஒரு வயருக்கு இரண்டு திருகு இருந்தால் இரண்டும் முறுக்கப்பட்டிருக்க வேண்டும். இழுத்துப் பார்த்துக் காட்டச் சொல்லுங்கள். இது உங்கள் உரிமை, தயங்க வேண்டியதில்லை.

கரன்ட் வந்ததும் ஏதாவது ஒரு பிளக்கில் டெஸ்டர் வைத்துப் பாருங்கள். மாற்றுவதற்கு முன் எந்தத் துளையில் டெஸ்டர் எரிந்ததோ அதே துளையில்தான் இப்போதும் எரிய வேண்டும். இடம் மாறியிருந்தால் மின்சாரம் வரும் ஃபேஸ் வயரும் நியூட்ரலும் மாற்றி மாட்டப்பட்டிருக்கின்றன. அப்போது சுவிட்சை அணைத்தாலும் ஹோல்டரிலும் மோட்டாரிலும் மின்சாரம் இருக்கும். பல்பு மாற்றும்போது ஷாக் அடிக்கும். உடனே சரிசெய்யச் சொல்லுங்கள்.

மும்முனை இணைப்புக்கு ஏதாவது தனி எச்சரிக்கை உண்டா?

இரண்டு உண்டு. முதலாவது நியூட்ரல். மும்முனை மீட்டரில் நியூட்ரல் தளர்வாக இருந்தால், லோடு குறைவாக உள்ள ஃபேஸில் மின்னழுத்தம் 230 வோல்ட்டிலிருந்து 300-ஐத் தாண்டி, ஏறத்தாழ 400 வரை போகலாம். டிவி, ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர் எல்லாம் சில நொடிகளில் போய்விடும். ஆகவே எலக்ட்ரீஷியனை வைத்து, மெயினைப் போடுமுன் ஒவ்வொரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே அளந்து பாருங்கள். லோடு கொடுத்த பிறகு மறுபடி அளக்க வேண்டும், ஏனென்றால் தளர்ந்த நியூட்ரல் லோடு வந்த பிறகுதான் தன்னைக் காட்டிக்கொடுக்கும். மூன்றும் ஏறக்குறைய ஒரே எண்ணாக இருந்தால் சரி.

இரண்டாவது ஃபேஸ் வரிசை. மூன்று வயர்களில் இரண்டு இடம் மாறினால் மும்முனை மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும். மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் மட்டும் சரியாக ஏறவில்லை என்றால் பம்பைப் பிரிக்குமுன் இதைச் சந்தேகியுங்கள்.

மாற்றியதும் பில் ஏறிவிட்டது. மீட்டர் வேகமாக ஓடுகிறதா?

சில நேரம் அப்படியும் இருக்கலாம். ஆனால் அதைவிட அதிகமாகக் கண்ணில் படும் காரணங்கள் வேறு.

வட்டு சுழலும் பழைய மீட்டர், வயதாக ஆகத் தேய்மானத்தாலும் தூசியாலும் மெதுவாக ஓடும். சிறிய லோடுக்கு வட்டு நகராமலேயே நிற்கும். 5 ஆம்பியர் அடிப்படை மின்னோட்டம் கொண்ட, துல்லிய வகுப்பு 1 என்று குறிக்கப்பட்ட புதிய மீட்டரோ 20 மில்லிஆம்பியரிலேயே எண்ணத் தொடங்கிவிட வேண்டும். அதாவது 5 வாட்டுக்கும் குறைவான லோடு. செட்டாப் பாக்ஸ், ரௌட்டர், பிளக்கிலேயே கிடக்கும் சார்ஜர், ரிமோட்டில் அணைத்த டிவி எல்லாம் இப்போது கணக்கில் வரும். எந்நேரமும் 10 வாட் இழுக்கும் ஒரு பெட்டி மாதத்துக்கு 7.2 யூனிட் தின்னும். அப்படி ஐந்து பெட்டி இருந்தால் 36 யூனிட்.

அடுத்தது நாட்கணக்கு. மீட்டர் மாறிய மாதத்தில் பில் காலம் சில நாட்கள் நீள்வதுண்டு. பயன்பாடு ஏற ஏற யூனிட் விலையும் ஏறும் படிநிலைக் கட்டணம் உள்ள இடங்களில், அந்தச் சில நாட்களே உங்களை அடுத்த படிக்குத் தள்ளிவிடும். பில் தொகையை ஒப்பிடாதீர்கள். யூனிட்டை நாட்களால் வகுத்து, ஒரு நாளைக்கு எத்தனை யூனிட் என்று ஒப்பிடுங்கள். கடந்த ஆண்டு இதே மாதத்தோடு ஒப்பிடுவது இன்னும் நல்லது, வெயில் காலத்தையும் குளிர் காலத்தையும் ஒப்பிட்டுக் குழம்பாமல் இருக்கலாம். முன்பு பூட்டிய வீடு என்று உத்தேசமாகப் போட்ட ரீடிங்கின் பாக்கி, மீட்டர் மாறும்போது மொத்தமாக வந்து சேர்வதும் உண்டு.

அடுக்குமாடியில் இன்னொன்றையும் பாருங்கள்: உங்கள் பெயரில் பதிவான மீட்டர் எண்ணும் உங்கள் வீட்டுக்கு வயர் போகும் மீட்டரும் ஒன்றுதானா? ஒரே நாளில் இருபது மீட்டர் மாற்றும்போது இரண்டு வீட்டு வயர்கள் இடம் மாறிவிடுவது புதிதல்ல. உங்கள் மெயினை அணைத்தால் உங்கள் மீட்டரின் விளக்கு சிமிட்டுவது நிற்க வேண்டும். பக்கத்து மீட்டரில் நின்றால் கதை முடிந்தது, புகார் எழுதலாம்.

மீட்டர் சரியாக ஓடுகிறதா என்று நானே சோதிக்க முடியுமா?

முடியும். முகப்பில் சிமிட்டும் சிவப்பு விளக்கே போதும். அதன் பக்கத்தில் ஒரு கிலோவாட் மணிக்கு 1600 அல்லது 3200 என்பதுபோல ஒரு துடிப்பு எண் அச்சிட்டிருக்கும். 3200 என்றால், விளக்கு 3200 முறை சிமிட்டினால் ஒரு யூனிட்.

முதல் சோதனை, லோடு இல்லாமல். மீட்டருக்குப் பின்னால் உள்ள மெயினை அணையுங்கள். ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துத் துண்டிக்கும் இரட்டை முனை சுவிட்சாக இருப்பது முக்கியம். கால் மணி நேரம் பாருங்கள். விளக்கு சிமிட்டக் கூடாது. ஒருமுறை சிமிட்டினால் விட்டுவிடலாம். தொடர்ந்து சிமிட்டினால், மீட்டருக்கும் மெயினுக்கும் நடுவே யாரோ வயர் இழுத்திருக்கிறார்கள், அல்லது மீட்டரில் கோளாறு.

இரண்டாவது சோதனை, தெரிந்த லோடோடு. வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, தெர்மோஸ்டாட் இல்லாத ஹீட்டர் ஒன்றை மட்டும் ஓட விடுங்கள். தண்ணீரில் போடும் ஹீட்டர் ராடு இதற்கு நல்லது. இஸ்திரிப் பெட்டி வேண்டாம், அது சூடேறியதும் தானாக அணையும். 100 சிமிட்டலுக்கு எத்தனை நொடி ஆகிறது என்று செல்போனில் வீடியோ எடுத்து எண்ணுங்கள். பிறகு இந்தக் கணக்கு: 3600-ஐ 100-ஆல் பெருக்கி, அதைத் துடிப்பு எண்ணையும் நொடியையும் பெருக்கி வந்த தொகையால் வகுத்தால் கிலோவாட் கிடைக்கும். 3200 துடிப்பு மீட்டரில் 61.5 நொடி ஆனால் 3,60,000 வகுத்தல் 1,96,800, அதாவது 1.83 கிலோவாட்.

ராடில் 2000 வாட் என்று போட்டிருக்கிறதே, 1830 தானே வருகிறது என்று குழம்ப வேண்டாம். 230 வோல்ட்டில் 2000 வாட் இழுக்கும் ராடு 220 வோல்ட்டில் 1830 வாட்தான் இழுக்கும். மின்னழுத்தம் குறைந்தால் வாட் அதன் இருமடியில் குறையும். அதனால்தான் லேபிளை நம்பிச் சோதிக்கக் கூடாது. பிளக்கில் மாட்டும் சின்ன வாட் மீட்டரோ, வோல்ட்டும் ஆம்பியரும் காட்டும் கிளாம்ப் மீட்டரோ வைத்து அதே நேரத்தில் அளந்து ஒப்பிடுங்கள். வகுப்பு 1 மீட்டரின் பிழை வரம்பு ஏறக்குறைய ஒரு சதவீதம். ஆனால் நம் கைக்கருவிக்கும் பிழை உண்டு என்பதால் வீட்டுச் சோதனையில் ஐந்து சதவீதம் வரை விட்டுக்கொடுக்கலாம். அதற்கு மேல் போனால் முறைப்படி சோதனை கேளுங்கள். மீட்டரை ஆய்வகத்துக்கு அனுப்புவது ஒரு வழி. சோதனை மீட்டர் ஒன்றைத் தொடராக மாட்டி ஒரு வாரமாவது இரண்டையும் ஓடவிடுவது இன்னொரு வழி. உங்கள் வீட்டு லோடிலேயே சோதிப்பதால் இரண்டாவதே எங்கள் பரிந்துரை.

மீட்டர் சரி, வயரிங்கும் சரி என்கிறார்கள். ஆனாலும் யூனிட் அதிகமாக வருகிறதே?

நியூட்ரலைப் பாருங்கள். இந்த ஒரு காரணத்தைத் தெரியாமல் பலர் மாதக்கணக்கில் கூடுதல் பணம் கட்டுகிறார்கள்.

மின் திருட்டைப் பிடிப்பதற்காக, பல மீட்டர்களில் ஃபேஸ் வயரில் ஒன்றும் நியூட்ரல் வயரில் ஒன்றுமாக இரண்டு சென்சார்கள் இருக்கும். இரண்டும் வேறுபட்டால் எது அதிகமோ அதை மீட்டர் கணக்கில் எடுக்கும். ஒழுங்கான வயரிங்கில் ஃபேஸ் வழியாகப் போன மின்னோட்டம் அப்படியே நியூட்ரல் வழியாகத் திரும்பும், ஆகவே வித்தியாசம் வராது. இரண்டு வீட்டு நியூட்ரல்கள் எங்காவது ஒன்றோடொன்று சேர்ந்திருந்தால்தான் சிக்கல். மாடிப்படி விளக்கு, பொது மோட்டார், இன்வெர்ட்டர் இணைப்பு ஆகியவை இப்படிச் சேரும் வழக்கமான இடங்கள். முதல் வீட்டில் 5 ஆம்பியர், இரண்டாவது வீட்டில் 2 ஆம்பியர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சேர்ந்த நியூட்ரலில் திரும்பும் 7 ஆம்பியர் 3, 4 என்று பிரிந்து போனால், முதல் மீட்டர் 5-ஐ எண்ணும். இரண்டாவது மீட்டர் 2-ஐ விட்டுவிட்டு 4-ஐ எண்ணும். இரண்டு பேரும் பயன்படுத்தியது 7, பில் வருவது 9-க்கு. பழைய மீட்டர் ஃபேஸை மட்டும் அளந்ததால் இது வெளியே தெரியவில்லை.

சோதிப்பது எளிது. மீட்டரிலிருந்து வெளியே வரும் ஃபேஸையும் நியூட்ரலையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே கிளாம்பின் வாய்க்குள் விட்டு அளக்கச் சொல்லுங்கள். லோடு ஓடும்போதும் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். அரை ஆம்பியர், ஒரு ஆம்பியர் என்று காட்டினால் நியூட்ரல் கலந்திருக்கிறது, அல்லது எங்கோ எர்த்துக்குக் கசிகிறது. அதற்குப் பிறகு ஒவ்வொரு சர்க்யூட்டாக அணைத்துத் தேட வேண்டியதுதான். 'அடிக்கடி டிரிப் ஆகிறது' என்று ஆர்சிசிபி-யை (மின்கசிவு வந்தால் கரன்ட்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) கழற்றிய வீடு என்றால் முதல் சந்தேகம் இதுவே. அது டிரிப் ஆனது இந்தக் கோளாறைச் சொல்லத்தான். கழற்றியதை மீண்டும் மாட்டுங்கள், உயிர் காக்கும் கருவி அது.

எல்இடி பல்பு, டிம்மர் இருந்தால் மீட்டர் தப்பாக எண்ணும் என்கிறார்களே?

இதற்கு அடிப்படை உண்டு. நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒன்பது மின்னணு மீட்டர்களைச் சோதித்து 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். டிம்மரில் (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் சுவிட்ச்) மாட்டிய எல்இடி, சிஎஃப்எல் விளக்குகளை லோடாகக் கொடுத்தபோது ஐந்து மீட்டர்கள் உண்மையைவிட மிக அதிகமாகக் காட்டின. மிக மோசமான அளவீட்டில் 582 சதவீதம் அதிகம். இரண்டு மீட்டர்கள் சுமார் 30 சதவீதம் குறைவாகக் காட்டின. அதிகம் காட்டியவற்றில் ராகோவ்ஸ்கி சுருள் என்ற சென்சார் இருந்தது. டிம்மர் மின்னலையைத் துண்டு துண்டாக வெட்டும்போது வரும் கூர்மையான மாற்றங்களை அந்தச் சென்சாரும் அதன் சுற்றும் தவறாகப் புரிந்துகொண்டன.

இதை எல்லா வீட்டுக்கும் பொருத்தி அச்சப்படத் தேவையில்லை. வீட்டு லோடு முழுக்க டிம்மராலேயே ஆனதாக இருக்காது. டிம்மர் இல்லாத எல்இடி பல்பு அந்த அளவுக்கு அலையைச் சிதைப்பதும் இல்லை. ஆனால் வீட்டில் டிம்மர் நிறைய இருந்து, காரணம் தெரியாமல் யூனிட் ஏறினால், ஒரு வாரம் டிம்மர்களை முழு வெளிச்சத்தில் வைத்தோ அணைத்தோ ரீடிங்கை ஒப்பிட்டுப் பாருங்கள்.

மீட்டர் தானே எடுத்துக்கொள்ளும் மின்சாரத்துக்கு நான் பணம் கட்டுகிறேனா?

பொதுவாக இல்லை. மீட்டரின் சொந்தத் தேவை அளவிடும் இடத்துக்கு முன்னாலேயே எடுக்கப்படுகிறது. 2 வாட் என்று வைத்தால் ஆண்டுக்கு 17.5 யூனிட், அது மின் நிறுவனத்தின் கணக்கு.

மீட்டரிலிருந்து வரும் கதிர்வீச்சு ஆபத்தா?

மீட்டர் தகவல் அனுப்பும் வழி மூன்று: செல்போன் நெட்வொர்க், 865 முதல் 928 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் இயங்கும் ரேடியோ, மின்கம்பி வழியாகவே அனுப்பும் முறை. மூன்றிலும் வருவது அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிரிக்கும் வலிமை இல்லாத அலை. எக்ஸ்ரேயோடு ஒப்பிட முடியாது. இந்த அலைகளால் மிகுந்த அளவில் நேர்வது திசு சூடேறுதல். பாதுகாப்பு வரம்புகள் அதை மனத்தில் வைத்தே போடப்பட்டவை.

எண்ணைப் பாருங்கள். 4ஜி மாட்யூல் ஒன்று உச்சமாக அனுப்புவது சுமார் 0.2 வாட், அதாவது அதே நெட்வொர்க்கில் உள்ள செல்போனின் அளவு. அது எல்லாத் திசையிலும் சமமாகப் பரவினால், ஒரு மீட்டர் தொலைவில் சதுர மீட்டருக்கு 0.016 வாட். 900 மெகாஹெர்ட்ஸில் பொதுமக்களுக்கான சர்வதேச வரம்பு 4.5 வாட். வரம்பில் ஏறக்குறைய முந்நூறில் ஒரு பங்கு, அதுவும் அனுப்பும் அந்தச் சில நொடிகளுக்கு மட்டும். இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் அதிலும் கால் பங்கு.

உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011-ல் ரேடியோ அலைகளை '2பி' பிரிவில் சேர்த்தது உண்மை. புற்றுநோய் உண்டாக்க வாய்ப்பிருக்கலாம், ஆனால் சான்று குறைவு என்பது அந்தப் பிரிவின் பொருள். முகமை முக்கியமாகப் பார்த்தது காதோடு ஒட்டிப் பேசும் செல்போனை. மீட்டரோ சுவருக்கு அப்பால் இருக்கிறது. தலைமாட்டுச் சுவரின் மறுபக்கம் மீட்டர் இருப்பது மனத்துக்கு உறுத்தலாக இருந்தால் கட்டிலை ஒரு மீட்டர் நகர்த்துங்கள், போதும்.

மீட்டரை அலுமினியத் தாளாலோ இரும்புப் பெட்டியாலோ மூடாதீர்கள். சிக்னல் கிடைக்காத மாட்யூல் மேலும் மேலும் முயன்றுகொண்டே இருக்கும், உள்ளே வெப்பமும் தேங்கும்.

என் வீட்டில் நடப்பதை மீட்டர் காட்டிக்கொடுக்குமா?

ஓரளவு காட்டிக்கொடுக்கும். இதை 'வீண் பயம்' என்று தள்ளிவிடுவது நியாயமில்லை. 30 நிமிடத்துக்கு ஒரு பதிவு என்றால் நாளைக்கு 48 எண்கள். அவற்றை வைத்து நீங்கள் எப்போது எழுந்தீர்கள், வீட்டில் ஆள் இருக்கிறார்களா, எத்தனை நாள் ஊரில் இல்லை என்பதை ஊகிக்கலாம். எந்தக் கருவி ஓடியது என்று துல்லியமாகச் சொல்வது அந்த இடைவெளியில் கடினம். இடைவெளி சுருங்கச் சுருங்க விவரம் கூடும். 2011-ல் ஜெர்மனியின் மூன்ஸ்டர் நகர ஆய்வாளர்கள், இரண்டு நொடிக்கு ஒரு பதிவு அனுப்பிய மீட்டரின் தரவிலிருந்து டிவியில் ஓடிய படத்தையே அடையாளம் காண முடியும் என்று காட்டினார்கள்.

நெதர்லாந்தில் ஸ்மார்ட் மீட்டரைக் கட்டாயமாக்கும் சட்ட முன்வடிவு 2009-ல் மேலவையில் நின்றுபோனதற்கு அந்தரங்கம் பற்றிய இந்தக் கவலையே முக்கியக் காரணம். அமெரிக்காவில் 2018-ல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம், நகராட்சி 15 நிமிடத் தரவைச் சேகரிப்பது சட்டப்படி ஒரு 'சோதனை'யே என்று ஏற்றது. ஆனால் குற்றம் தேடும் நோக்கம் இல்லாததால் அது நியாயமானது என்றும் சொன்னது.

ஆகவே உங்கள் மின் நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள்: பதிவு எத்தனை நிமிடத்துக்கு ஒன்று? எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள்? வேறு யாருக்குக் கொடுப்பீர்கள்? நாளுக்கு ஒரு ரீடிங் மட்டும் எடுக்கும் வசதி உண்டா? வீட்டளவில் பார்த்தால், தரவு கசிய எளிதான வழி மீட்டரின் செயலிதான். வாடகை வீட்டுக்குக் குடி வந்ததும், முன்பு இருந்தவரின் செல்போன் எண் இணைப்பில் பதிவாகி இருக்கிறதா என்று பார்த்து மாற்றுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் வீட்டில் இல்லாத நாள் அவருக்குத் தெரியும்.

யாராவது ஹேக் செய்து கரன்ட்டைத் துண்டித்துவிட முடியுமா?

மீட்டர் அனுப்பும் தகவல் பொதுவாக ஏஇஎஸ்-128 என்ற குறியாக்க முறையில் பூட்டப்பட்டுப் போகிறது. தெருவில் நிற்பவர் ஒட்டுக்கேட்பது எளிதல்ல. ரிலே உள்ள லட்சக்கணக்கான மீட்டர்களை ஒரே மையம் கட்டுப்படுத்துகிறது என்பதால், அந்த மையத்தைக் காப்பதே உண்மையான சவால். அது மின் நிறுவனத்தின் பொறுப்பு, வீட்டிலிருந்து நீங்கள் செய்ய ஒன்றுமில்லை.

நீங்கள் அன்றாடம் எதிர்கொள்ளும் ஆபத்து வேறு. 'இன்று இரவு உங்கள் இணைப்பு துண்டிக்கப்படும், உடனே இந்த எண்ணுக்கு அழைக்கவும்' என்று வரும் குறுஞ்செய்தி. ஸ்மார்ட் மீட்டர் வந்த பிறகு இதை நம்புவது எளிதாகிவிட்டது, ஏனென்றால் தூரத்திலிருந்தே துண்டிக்க முடியும் என்று எல்லாருக்கும் தெரியும். அந்த எண்ணுக்கு அழைக்காதீர்கள், அவர்கள் சொல்லும் செயலியை இறக்காதீர்கள். பழைய பில்லில் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு அழைத்துக் கேளுங்கள். பெரியவர்கள் தனியாக இருக்கும் வீட்டில் இதை ஒருமுறை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுங்கள்.

முன்பணம் கட்டும் முறை என்றால் நள்ளிரவில் கரன்ட் போய்விடுமா?

பல இடங்களில் இரவிலும் விடுமுறை நாளிலும் துண்டிக்காத விதி உண்டு. அவசரக் கடன் கொடுக்கும் மீட்டர்களும் உண்டு. உங்கள் இடத்து விதியை முன்பே கேட்டு வையுங்கள். ஒரு நாள் சராசரிச் செலவைக் கணக்கிட்டு, பத்து நாளுக்குப் போதுமான தொகை எப்போதும் இருக்கும்படி பார்த்துக்கொள்வது நல்லது. பணம் கட்டியும் கரன்ட் வரவில்லை என்றால் மீட்டருக்குச் செய்தி போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். சில மீட்டர்களில் முகப்பிலுள்ள பொத்தானைச் சில நொடி அழுத்திப் பிடித்தால்தான் ரிலே சேரும். விசைப்பலகை உள்ளவற்றில், பணம் கட்டியதும் கிடைக்கும் 20 இலக்க எண்ணைக் கையால் அடிக்கலாம். அழுத்துமுன் ஏசி, ஹீட்டரை அணைத்துவிடுங்கள்.

ஆக்சிஜன் இயந்திரம் போன்ற மருத்துவக் கருவி வீட்டில் இருந்தால், மருத்துவர் கடிதத்தோடு மின் நிறுவனத்தில் எழுத்துமூலம் பதிவு செய்யுங்கள். பேட்டரி மாற்று ஏற்பாடும் வேண்டும். பதிவை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

ஏசியும் ஹீட்டரும் சேர்ந்து ஓடினால் கரன்ட் துண்டிக்கப்படுகிறது. ஏன்?

அனுமதித்த லோடைத் தாண்டினால் ரிலே திறக்கும்படி சில மீட்டர்கள் அமைக்கப்பட்டிருக்கும். சில நிமிடம் கழித்துத் தானே சேரும். லோடு குறையாவிட்டால் மறுபடி திறக்கும். துண்டிக்காத மீட்டர்களும் உச்சத் தேவையைப் பதிவு செய்யும். அது ஒரு கண நேர உச்சமல்ல, 15 அல்லது 30 நிமிடச் சராசரி. 2 கிலோவாட் ஹீட்டர் அரை மணியில் கால் மணி மட்டும் ஓடினால் பதிவாவது 1 கிலோவாட். ஆகவே மோட்டாரையும் ஹீட்டரையும் ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டினாலே உச்சம் குறைந்துவிடும். அப்படியும் தாண்டினால் அனுமதி லோடை உயர்த்த விண்ணப்பிப்பதே சரி.

ஸ்மார்ட் மீட்டர் தீப்பிடிக்குமா?

தீப்பிடித்த நிகழ்வுகள் உண்டு. கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணத்தில் சில மீட்டர்கள் எரிந்ததால், 2014-ல் அங்கே பொருத்தியிருந்த சுமார் 1,05,000 மீட்டர்களையும் கழற்ற அரசு உத்தரவிட்டது. ஈரமும் அழுக்கும் மீட்டருக்குள் புகுந்தது முக்கியக் காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. உங்கள் மீட்டர்ப் பெட்டிக்குள் மழைநீர் இறங்குகிறதா, மேலே தண்ணீர்க் குழாய் ஒழுகுகிறதா என்று பார்ப்பது அதனால்தான் அவசியம்.

பெரும்பாலும் சூடு பிறக்கும் இடம் டெர்மினல். தளர்ந்த திருகில் 0.05 ஓம் தடை இருந்தாலே போதும், 30 ஆம்பியர் ஓடும்போது அந்த ஒரு புள்ளியில் 45 வாட் வெப்பம் உண்டாகும். ஒரு சாலிடரிங் அயர்ன் மூடிய பெட்டிக்குள் எரிந்துகொண்டே இருப்பதற்குச் சமம். வயரின் மேலுறை உருகும், பிளாஸ்டிக் கருகும். அலுமினிய வயரில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். சூடேறி ஆறும்போது அலுமினியம் நெளிந்து தளரும், மேற்பரப்பில் ஆக்சைடு படியும்.

புதிய மீட்டர் மாட்டிய அன்று, வழக்கமான பெரிய லோடுகளை அரை மணி நேரம் ஓட விட்டு, பெட்டிக்கு வெளியிலிருந்து கவனியுங்கள். மீன் வாடை போலவோ எரிந்த பிளாஸ்டிக் போலவோ நாற்றம், கரகர சத்தம், டெர்மினல் மூடியில் பழுப்பு நிறம், லோடு போடும்போது விளக்கு மங்கி மங்கி எரிவது ஆகியவை ஆபத்து அறிகுறிகள். ஒன்று தெரிந்தாலும் மெயினை அணைத்துவிட்டு மின் நிறுவனத்தின் அவசர எண்ணை அழையுங்கள். சீலை உடைத்துத் திருகை நீங்களே முறுக்க முயலாதீர்கள். வீட்டு மெயினை அணைத்தாலும் மீட்டர் டெர்மினலில் மின்சாரம் இருக்கும்.

சோலார் பேனல் இருக்கிறது. தனியாக என்ன பார்க்க வேண்டும்?

எடுத்தது, கொடுத்தது இரண்டையும் தனித்தனியாக எண்ணும்படி மீட்டர் அமைக்கப்பட்டிருக்க வேண்டும். ஒருவழி அமைப்பில் உள்ள மீட்டர், நீங்கள் வெளியே அனுப்பும் யூனிட்டையும் எடுத்ததாகவே கூட்டிவிடும். நல்ல வெயிலில் வீட்டு லோடை அணைத்துவிட்டுத் திரையைப் பாருங்கள். 2.8.0 என்ற எண்ணுக்குரிய ரீடிங் ஏற வேண்டும், 1.8.0 நிற்க வேண்டும். 1.8.0 ஏறினால் அன்றைக்கே இன்வெர்ட்டரை நிறுத்திவிட்டுப் புகார் செய்யுங்கள்.

திரையில் மாறி மாறி வரும் அந்த எண்கள் என்ன?

பல மீட்டர்கள் பின்பற்றும் பொதுக் குறியீடு அது. 1.8.0 மொத்த யூனிட், 1.8.1, 1.8.2 நேரவாரியாகப் பிரித்த யூனிட், 1.7.0 இந்த நொடியில் ஓடும் லோடு, 1.6.0 உச்சத் தேவை, 32.7.0 மின்னழுத்தம், 31.7.0 மின்னோட்டம், 0.9.1 நேரம், 0.9.2 தேதி. நேரத்துக்கு ஏற்ப விலை மாறும் கட்டணம் என்றால் 0.9.1-ஐ உங்கள் செல்போன் நேரத்தோடு மாதம் ஒருமுறை ஒப்பிடுங்கள். கடிகாரம் அரை மணி தள்ளி ஓடினால் மலிவு நேர யூனிட் உச்ச நேரக் கணக்கில் விழும்.

நெட்வொர்க் இல்லாவிட்டால் ரீடிங் போய்விடுமா?

போகாது. மீட்டரின் நினைவகத்தில் இருக்கும், தொடர்பு கிடைத்ததும் அனுப்பும். கரன்ட் இல்லாதபோதும் அழியாது. நெட்வொர்க் வரவில்லை என்று உத்தேச பில் போட்டால், திரையிலுள்ள ரீடிங்கைப் படமெடுத்து அனுப்பித் திருத்தச் சொல்லலாம்.

புகார் எப்படி எழுதினால் எடுபடும்?

'மீட்டர் வேகமாக ஓடுகிறது' என்று மட்டும் எழுதினால் 'சோதித்தோம், சரியாக உள்ளது' என்ற பதில்தான் வரும். ஏழு நாள், தினமும் ஒரே நேரத்தில் 1.8.0 ரீடிங்கைப் படமெடுங்கள். அதோடு லோடு இல்லாமல் செய்த சோதனையின் வீடியோ, 100 சிமிட்டல் கணக்கு, கிளாம்ப் மீட்டர் காட்டிய எண், மாற்றிய நாளில் எடுத்த படங்கள் எல்லாவற்றையும் சேருங்கள். என்ன வேண்டும் என்பதையும் தெளிவாக எழுதுங்கள்: சோதனை மீட்டர் மாட்ட வேண்டும், 30 நிமிடப் பதிவின் நகல் வேண்டும், நிகழ்வுப் பதிவு வேண்டும். நிகழ்வுப் பதிவில் நியூட்ரல் கோளாறு, எர்த் வழி லோடு, மூடி திறந்தது, மின்னழுத்தம் தாண்டியது எல்லாம் தேதி, நேரத்தோடு இருக்கும். புகார் எண்ணை வாங்காமல் திரும்பாதீர்கள். பில் முழுவதையும் கட்டாமல் நிறுத்தினால் இணைப்பைத் துண்டிக்க அது காரணமாகிவிடும். 'ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்' என்று எழுதிக் கட்டிவிட்டுப் புகாரைத் தொடருங்கள். குறித்த காலத்தில் பதில் வராவிட்டால் அதே கோப்போடு நுகர்வோர் குறைதீர் மன்றத்துக்குப் போகலாம்.